கல்லோடு கல்லாக ஒரு வீடு

வீடு கட்டுகிற எவனும் அது நாலு பேர் கண்ணில் பட வேண்டும் என்றுதான் கட்டுவான். எங்கள் ஊரில் அப்படித்தான். ஜன்னல் கிரில்லில் மயில், மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் தாமரை, வாசல் கேட்டில் சூரியன். எட்டு வருடமாக அந்த மயிலையும் தாமரையையும் டிரேசிங் பேப்பரில் வரைந்து வரைந்து எனக்கு வெறுத்துப் போயிருந்தது. ஆகவே, தன் வீடு யார் கண்ணுக்கும் தெரியக் கூடாது என்று ஒரு மனிதர் ஆபீசுக்கு வந்து சொன்னபோது நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. இந்த ஆள் எதையோ மறைக்கிறார் என்றுதான் முதலில் தோன்றியது.

அவர் ஒரு சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அறுபது வயது இருக்கும். முதுகு மட்டும் இருபது வயதுக்காரன் மாதிரி நிமிர்ந்திருக்கும். அவரை நாங்கள் ‘முசே’ என்போம், பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தம். என்னை அவர் ‘மமுசேல்’ என்று கூப்பிடுவார். கல்யாணமாகாத பெண்ணுக்கு அங்கே அப்படி ஒரு மரியாதையாம். அவர் சொல்கிற தோரணையில் அது மரியாதையா கிண்டலா என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

நான் மில் தொழிலாளி மகள். எழுபதுகளின் கடைசியில் ஐ.டி.ஐ.யில் கட்டடப் படம் வரையப் படித்தேன். வகுப்பில் நாங்கள் மூன்றே பெண்கள். படித்து முடித்ததும் டவுனில் ஒரு எஞ்சினியரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். கருவடிக்குப்பத்திலிருந்து சைக்கிளில் போய் வருவேன். வரைவது நான், கையெழுத்து அவர். வாசலில் தொங்குகிற போர்டிலும் அவர் பெயர் மட்டும்தான். இதைப் பற்றி நான் கத்தாத மாதம் கிடையாது. சொல்தா வந்துவிட்டுப் போன அன்றைக்கு எஞ்சினியர் சிரித்துக்கொண்டே சொன்னார்:

“இந்தப் பைத்தியக்கார வேலைய நீயே பாரு. முசே ஒத்துக்கினாருன்னா போர்டுல உன் பேரையும் எழுதறேன். இனிமே வர்ற வீட்டுல பாதி உன்து.”

“ஒத்துக்கலைன்னா?”

“திரும்ப மயிலு வரைவ.”

சொல்தா வைத்த பரீட்சை எளிமையானது. வீடு முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை படகில் போய்க் கடலிலிருந்து பார்ப்பார். வீடு கண்ணுக்குத் தட்டுப்பட்டால் ஒப்புக்கொள்ள மாட்டார். அவ்வளவுதான். என் எட்டு வருடமும் அந்த ஒரு பார்வையில் இருந்தது.

இடம் ஊருக்கு வடக்கே, ஒரு மீனவர் குப்பத்தை ஒட்டி. எங்கள் கரையில் பாறை கிடையாது. வெறும் மணல். கடல் அரிக்கிறது என்று திண்டிவனம் பக்கத்துக் குவாரிகளிலிருந்து லாரி லாரியாகக் கருங்கல் கொண்டுவந்து கொட்டியிருந்தார்கள். ஒவ்வொரு கல்லும் மாட்டு வண்டி அளவு. நாலைந்து மழைக்காலத்தில் அலை அவற்றைப் புரட்டி, பாதி மணலில் புதைத்து, பாசி ஏற்றி, அங்கேயே பிறந்த பாறை மாதிரி ஆக்கிவிட்டது. சொல்தா அவற்றைத் தடவிப் பார்த்தார். பிரான்சின் மேற்குக் கரையில் இப்படித்தான் இருக்கும் என்றார். லாரியில் வந்த கல் என்று சொன்னேன்.

“நானுந்தான் கப்பல்ல வந்தேன் மமுசேல்” என்றார்.

ஏன் வீடு தெரியக் கூடாது என்று அவரிடம் மூன்று தடவை கேட்டேன். முதல் தடவை, பிரான்சில் ஒரு மழை நாளில் பாறைக்கு நடுவே விளக்கு எரிந்ததைப் பார்த்துப் பக்கத்தில் போன பிறகுதான் அது வீடென்றே தெரிந்தது, அன்றைக்கே அப்படி ஒன்று வேண்டும் என்று முடிவு செய்தேன் என்றார். இரண்டாம் தடவை, சொந்தக்காரர்கள் தொல்லை என்றார். மூன்றாம் தடவை, கடல்காற்றுக்குத் தாழ்வான வீடுதான் நல்லது என்றார். ஒரு கேள்விக்கு மூன்று பதில் சொல்கிறவரை நான் எப்படி நம்புவது? அந்தக் காலத்தில் கடல்வழியாகக் கள்ளத்தனமாக வாட்ச் வருகிறது, டேப்ரெக்கார்டர் வருகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியாத வீடு, கடலைப் பார்த்து ஒரு பெரிய ஜன்னல். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

சந்தேகம் ஒரு பக்கம், வேலை ஒரு பக்கம். வேலையை நான் கெடுக்கவில்லை. இருந்ததிலேயே உயரமான கற்குவியலை அளந்து, கூரை அதற்கு ஒரு முழம் கீழே நிற்கும்படி வைத்தேன். சுவருக்கு அதே கருங்கல். வரிசை கட்டாமல், கல் எப்படி வருகிறதோ அப்படியே அடுக்கச் சொன்னேன். நேர்க்கோடு இருந்தால் மனிதன் கை பட்டது என்று தூரத்திலேயே தெரிந்துவிடும். கலவை வெளியே பளிச்சென்று தெரியாமல் இரண்டு விரற்கடை உள்ளே தள்ளிப் பூசி, அதிலும் கரித்தூள் கலக்கச் சொன்னேன். கண்ணாடி வெயிலில் மின்னக் கூடாது என்று ஜன்னலை மூன்றடி உள்ளே தள்ளினேன். தண்ணீர்த் தொட்டி கூரைமேல் கிடையாது. மொட்டைமாடியில் மணலைப் பரப்பிக் கல்லைப் போட்டேன். முப்பது வருடமாகச் செங்கல்லை நூல் பிடித்துக் கட்டிய மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார்.

“யம்மா, கோணலா கட்றதுக்கு நான் எதுக்கு? தாராளமா ஒரு குடிகாரன கூட்டாந்து வுடேன்.”

“கோணலாவும் இருக்கணும், வுழவும் கூடாது. அதுக்குத்தான் நீங்க.”

“வூடு கட்றமா, கல்லறை கட்றமா?”

“கட்டுங்க. முடிஞ்சப்புறம் படுத்துப் பாத்து சொல்லுங்க.”

அஸ்திவாரம் எழும்பிய சமயத்தில்தான் அந்த வெள்ளையைப் பார்த்தேன். எங்கள் இடத்தின் தெற்குக் கோடியில், கற்குவியல் முடிகிற இடத்தில் நின்ற பெரிய கல்லில், கடலைப் பார்த்த பக்கம் மட்டும், ஒரு ஆள் கை விரித்த அகலத்துக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தது. ரோட்டில் நின்றால் தெரியாது. வீட்டு மனையில் நின்றாலும் தெரியாது. அலைக்குள் முழங்கால் அளவு இறங்கித் திரும்பினால்தான் தெரியும். அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் பத்தடி அகலத்துக்கு ஒரு மணல் சந்து இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் மறுபடி கல். பின்னால், ரோட்டோரமாக ஒற்றைப் பனை ஒன்று நின்றது.

மேஸ்திரியைக் கேட்டேன். தன் ஆட்கள் இல்லை என்றார். கல் கொட்டினவர்களின் ஆபீசுக்குப் போய்க் கேட்டேன். தாங்கள் சிவப்புப் பெயிண்டில் நம்பர்தான் போடுவோம் என்றார்கள். மிச்சம் சொல்தா. கடலுக்கு மட்டும் தெரிகிற அடையாளம், கடலுக்கு மட்டும் திறக்கிற ஜன்னல். கணக்கு நேராக வந்தது என்று நினைத்தேன். அதைவிட எரிச்சல் இன்னொன்று: பாசிக் கருப்புக்கு நடுவில் அந்த வெள்ளை, நான் மறைத்து மறைத்துக் கட்டுகிற வீட்டுக்குப் பக்கத்தில் பொட்டு வைத்த மாதிரி இருந்தது. பார்க்கிறவன் கண் அங்கேதான் போகும். பிறகு வீட்டுக்கும் வரும். சித்தாளைக் கூப்பிட்டு ஆசிட் ஊற்றித் தேய்க்கச் சொன்னேன்.

மூன்றாம் நாள் வெள்ளை திரும்ப வந்திருந்தது. திரும்பத் தேய்த்தேன். திரும்ப வந்தது.

குப்பத்தில் ஒரு மீன்காரி. எங்கள் மனை வழியாகத்தான் கூடையோடு ரோட்டுக்கு ஏறுவாள். நாற்பது வயதிருக்கும். என்னைப் பார்த்தால் நடையை எட்டிப் போடுவாள். ஒருநாள் வழியை மறித்துக் கேட்டேன்.

“அந்தக் கல்லுல வெள்ள அடிக்கிறது யாரு?”

“எந்தக் கல்லு?”

“தெரியாத மாதிரி பேசாத.”

“காக்கா எச்சமா இருக்கும்மா.”

“அம்மாம் பெருசாவா?”

“கடக்காக்கா பெருசாத்தாம்மா இருக்கும். ஊருக்குள்ள இருக்கறவங்களுக்கு இன்னா தெரியும்?”

பின்னால் வலை உதறிக்கொண்டிருந்த அவள் புருஷனும் தம்பியும் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சரி, இவர்களும் சொல்தாவும் கூட்டு என்று முடிவு கட்டினேன்.

நேரே சொல்தாவிடம் போனேன். “கடல்லேர்ந்து உங்களப் பாக்க யாரு வர்றாங்க?” என்று கேட்டேன். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது.

அவர் முகம் மாறியது. அது நிச்சயம். “யாரு வராங்கன்னு சொன்னாங்க?” என்றார்.

“கல்லுல அடையாளம் போட்டு வச்சிருக்கே.”

அவரே வந்து பார்த்தார். அலைக்குள் செருப்போடு இறங்கி நின்று வெகுநேரம் பார்த்தார். பிறகு, “எடுத்துடு. நிரந்தரமா எடுத்துடு” என்றார். அவர் குரலில் இருந்தது கோபமா பயமா என்று யோசித்தேன். நடிப்பாகவும் இருக்கலாம் என்று தோன்றியது.

நிரந்தரமாக எடுக்க வழி இருந்தது. சுண்ணாம்பு பிடிக்காதபடி கல்லின்மேல் தார் பூசினேன். தார் காய்வதற்குள் மணலையும் கிளிஞ்சல் தூளையும் வீசி அடித்து மங்க வைத்தேன். மற்ற கல்லுக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. வேலைத் திறமை என்று என்னையே மெச்சிக்கொண்டேன். பிறகு வெள்ளை வரவில்லை. குப்பத்துக்காரர்கள் தார்மேல் அடித்துப் பார்த்திருக்கிறார்கள். சுண்ணாம்பு உரிந்து உரிந்து விழுந்திருக்கிறது. அது எனக்குப் பின்னால்தான் தெரியும்.

ஐப்பசியில் சுவர் முடிந்து கூரையும் முடிந்தது. படகில் போய்ப் பார்க்க அடுத்த ஞாயிறு என்று பேச்சு. அதற்கு நாலு நாள் முன்னால், காலை ஏழு ஏழரை இருக்கும். தூறல். கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறம். நான் ஜன்னல் சட்டத்துக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தேன். கூச்சல் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால், ஒரு கட்டுமரம் சந்துக்கு வராமல் இருபதடி வடக்கே, எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே கல்லில் ஏறிக் கிடக்கிறது. கட்டு அவிழ்ந்து ஒரு மரம் தனியாக அலையில் இடித்துக்கொண்டிருந்தது. மீன்காரியின் புருஷன் கல்லுக்கும் மரத்துக்கும் நடுவில். மேஸ்திரியும் ஆட்களும் கடப்பாரையைப் போட்டு நெம்பி அவரை வெளியே இழுத்தார்கள். வலது பாதம் பாதமாக இல்லை.

லாரியில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பாதி பாதத்தை எடுத்துவிட்டார்கள்.

மீன்காரி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி நேரே என்னிடம் வந்தாள். நான் ஓடவில்லை. வேலையாட்கள் எல்லோரும் நின்று பார்க்கிறார்கள்.

“தார் பூசுனியே, இப்ப குளுகுளுன்னு இருக்குதா?”

“அது உங்க அடையாளமா?”

“பின்ன உங்க அப்பன் அடையாளமா? கரையெல்லாம் கல்லக் கொட்டிட்டானுங்க. கட்டுமரம் ஏத்த அந்த ஒரு சந்துதான் மிச்சம். கடல்லேர்ந்து பாத்தா எல்லாக் கல்லும் ஒண்ணுபோல இருக்கும். அந்தப் பனமரமும் வெள்ளையும் ஒரே நேரா வந்தா வுடு, மரம் மணல்ல வந்து குந்தும். நீ அத்த அழிச்சிட்ட.”

“நான் கேட்டப்ப ஏன் சொல்லல? காக்கா எச்சம்னு சொன்னியே!”

“சொல்வாங்களா உங்கிட்ட? உன்னாட்டமே கவர்மெண்டு ஆளுங்க மூணு கால் குச்சி வச்சிக்கினு, கண்ணாடியில பாத்துக்கினு வந்தானுங்க. எங்க மரம் ஏத்துறீங்கன்னு நல்லா இனிக்க இனிக்க கேட்டானுங்க. எங்காளுங்க எல்லா எடத்தையும் காட்டுனாங்க. மறுமாசம் கரெக்டா அந்த எடத்துலதான் லாரி கொட்டுச்சு. சந்த மட்டும் எவனும் காட்டல. அதான் அது இருக்குது. இப்ப நீ வந்து கேக்கற. உன்கிட்ட சொன்னா அதையும் மூடிடுவ.”

“நான் கவர்மெண்டு இல்ல. தனி ஆள் வீட்டு வேலைக்கு வந்தவ.”

“தனி ஆளு! கல்லோட கல்லா கட்றது எந்தத் தனி ஆளு வூடு? மிலிட்டிரிக்கார ஆபீஸ்னுதான் எல்லாரும் சொல்றாங்க.”

என்னிடம் கோபம் எப்போதும் தயாராக இருக்கும். அன்றைக்கும் இருந்தது. எவன்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் அவள் தம்பியிடம் போய், கடலிலிருந்து நான் பார்க்க வேண்டும், கட்டுமரத்தில் கூட்டிக்கொண்டு போ என்றேன். கண்ணால் பார்க்காத எதையும் நான் நம்புவதில்லை. அவள் சொன்னதையும்தான். அவன் தயங்கினான்.

“பொம்பளைங்கள மரத்துல ஏத்த மாட்டோம்மா.”

மீன்காரி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்: “அது எங்கடா பொம்பள? அது கவர்மெண்டு. ஏத்திக்கினு போ.”

அலை உடைகிற இடத்தைத் தாண்டியதும் அவன் திரும்பிப் பார்க்கச் சொன்னான். நனைந்த புடவையோடு மரக்கட்டையைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். பனை தெரிந்தது. அதன் கீழே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கருப்பாக ஒரே கோடு. என் வீடு எங்கே? அளவு ஒவ்வொன்றும் எனக்கு மனப்பாடம். கூரை, ஜன்னல், சுவர் என்று தேடினேன். கிடைக்கவில்லை. ஒரு அலை எங்களைத் தூக்கியபோது கிடைத்தது போல இருந்தது, இறக்கியபோது போய்விட்டது. எட்டு வருடத்தில் நான் செய்த ஒரே நல்ல வேலை அது.

“சந்து எங்க சொல்லும்மா” என்றான் அவன்.

கையைக் காட்டினேன். அவன் தலையாட்டினான். “அது கல்லு. எங்க மாமா அங்கதான் வுட்டாரு.”

கரைக்கு வந்ததும் ஒரு மூட்டைச் சுண்ணாம்பு வாங்கி வரச் சொன்னேன். கல்லில் தார் ஏறிவிட்டது. இனி அதில் எதுவும் நிற்காது. பனைக்கு நேர்க்கோட்டில் மிச்சம் இருந்தது வீட்டின் முன்சுவரில் தெற்கு ஓரம் மட்டும்தான். அது சந்துக்கு ஓரமாக, கடலைப் பார்த்து நின்றது. மேஸ்திரி என்னைப் பார்த்தார்.

“யம்மா, நெசமாவா? முசே பாக்க இன்னும் மூணு நாள்தான் இருக்குது.”

“அடிங்க. மூணு கோட்டு.”

“உன் போர்டு?”

“போர்டு எங்கேயும் போகாது, அங்கயேதான் தொங்கும். நீங்க அடிங்க.”

முதல் பூச்சை நானே அடித்தேன். கல்லைக் கோணல் கோணலாக வைத்திருந்ததால் பிரஷ் ஒழுங்காக ஓடவில்லை. பள்ளத்தில் எல்லாம் விரலால் திணித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சொல்தாவும் எஞ்சினியரும் படகில் போனார்கள். நான் கரையில் நின்றேன். அரை மணியில் திரும்பிவிட்டார்கள். சொல்தா நனைந்த கால்சட்டையோடு என் முன்னால் வந்து நின்றார்.

“தெரியுது. முழு வீடும் தெரியுது.”

நடந்ததைச் சொன்னேன். பாதம் போனதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டார். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்:

“பாவம்தான். ஆனா இப்ப யாரு வேணாலும் கண்டுபிடிச்சு வந்துடுவாங்களே, மமுசேல்.”

“யாரு வருவாங்க?”

அதற்கு நாலாவது பதில்கூட அவர் சொல்லவில்லை. எஞ்சினியர் குறுக்கே புகுந்தார்: “அழிச்சிடலாம் முசே. நாளைக்கே ஆள் அனுப்பறேன்.”

“அழிச்சா நான் திரும்ப அடிப்பேன்” என்றேன்.

“நீ இனிமே இந்த சைட்டுக்கு வர வேணாம்” என்றார் அவர். போர்டைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஆபீசில் எனக்கு மறுபடி மயில் காத்திருந்தது. மூன்று மாதம் வரைந்தேன். பிறகு அங்கிருந்து நின்றுவிட்டு, எங்கள் ஊர் மேட்டுப்பாளையத்துத் தொழிற்பேட்டையில் ஷெட் கட்டுகிற ஒருவரிடம் போய்ச் சேர்ந்தேன். ஷெட்டில் மயில் கிடையாது.

அந்தச் சுவருக்காக ஒரு வருடம் சண்டை நடந்ததாக மேஸ்திரி பிறகு சொன்னார். சொல்தா சுரண்ட ஆள் விடுவார், குப்பத்துக்காரர்கள் விடிவதற்குள் அடித்துவிடுவார்கள். கடைசியில் அவர் விட்டுவிட்டாராம். அவர் யாருக்குப் பயந்தார் என்று மேஸ்திரிக்கும் தெரியாது. போலீஸ் வந்ததாகவோ கடத்தல் பிடிபட்டதாகவோ நான் கேள்விப்படவில்லை. அதனால் அவர் நல்லவர் என்று ஆகிவிடாது.

என்னை அந்த சைட்டிலிருந்து நிறுத்திய மறுநாள், டேப்பையும் லெவல் குச்சியையும் எடுத்து வரக் கடைசியாக ஒருதடவை அங்கே போனேன். மீன்காரி எதிரே வந்தாள். புருஷன் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். படுத்திருக்கிறார் என்றாள். இனி கட்டுமரம் ஏற மாட்டாராம். கூடையை இறக்கி வைத்துவிட்டு என் கையில் இருந்த குச்சியைப் பார்த்தாள்.

“உன்ன மாத்திட்டாங்களா?”

“மாத்தல. நிறுத்திட்டாங்க.”

“கவர்மெண்டுல எங்க நிறுத்துவாங்க? மாத்தத்தான் செய்வாங்க.”

“நான் கவர்மெண்டு இல்லன்னு எத்தினி வாட்டி சொல்றது?”

“சரி, சரி, இல்ல. எங்க மாத்துனாலும் போ, நல்லா இரு. சந்தப் பத்தி மட்டும் எந்த பேப்பர்லயும் எழுதிடாத.”

“எழுத மாட்டேன்” என்றேன்.

அவள் நம்பவில்லை. நான் சைக்கிளை மணலில் தள்ளிக்கொண்டுபோய் ரோட்டில் ஏற்றும்வரை, மீனை வெயிலில் விட்டுவிட்டு, இடுப்பில் கை வைத்து அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.